பிரார்த்தனையில் 'எங்கள்' என்பது யார்?

ராசாவில் வைகறையில் விழிப்பவர்க்குக் கடிகாரம் வேண்டுவதில்லை. கிழக்கு வெளுக்கு முன்னரே பள்ளிவாசலினின்று பாங்கொலி எழும். அஃது அடங்கிச் சிறிது பொழுதில் கோயில் மணி கேட்கும். எதிர்வீட்டுச் சீனக் கிழவர் வாயிற்புறத்துச் சிவப்பு மாடத்தில் மூன்று ஊதுபத்திகளைச் செருகி மும்முறை தலை தாழ்த்துவார். ஞாயிற்றுக்கிழமையாயின், சிரம்பான் மாதா கோயிற் பூசைக்குச் செல்லும் தமிழ்க் குடும்பங்களும் குருத்துவாராவுக்குச் செல்லும் சீக்கியரும் ஒரே சாலையில் எதிரும் புதிருமாய்ப் போவதைக் காணலாம். நாம் தோட்டத்தை விட்டு இவ்வூரிற் குடியேறிய நாள்தொட்டு இவற்றைக் கண்டும் கேட்டும் வருகின்றோம். அதனால் நம் உள்ளத்தெழுந்த ஐயமொன்றை அன்பர்கள் முன் வைக்கக் கருதியே இதனை எழுதத் துணிந்தோம்.

பிரார்த்தனை செய்வோர் யாரை நோக்கிச் செய்கின்றனர் என்பது பற்றி உலகில் எண்ணிறந்த நூல்கள் எழுந்துள்ளன. அது காரணமாய் நேர்ந்த சண்டைகளுக்கும் குறைவில்லை. யாரோடு நின்று, யாரையெல்லாம் தம்முடன் சேர்த்துக்கொண்டு செய்கின்றனர் என்று கேட்போரோ மிகச் சிலர். நமக்கு இரண்டாவது கேள்வியே பெரிதாய்த் தோன்றுகிறது.

நம் மொழியில் 'நாம்' வேறு, 'நாங்கள்' வேறு என்பது தோட்டத்துப் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். எதிரே நிற்பவனையும் உளப்படுத்திக் கூறுவது முன்னையது. அவனை நீக்கிக் கூறுவது பின்னையது. ஆங்கிலத்தில் இவ்வேறுபாடு இல்லை. மலாய் மொழியில் உண்டு. 'கீத்தா' என்றும் 'காமி' என்றும் இரு சொற்களை நாள்தோறும் கடைத்தெருவிற் கேட்கின்றோம். கடவுளை விளித்துப் பேசுங்கால் அவர் எதிரே நிற்பவராகக் கொள்ளப்படுதலின், தமிழ்க் கிறிஸ்தவர் 'எங்கள்' என்பர்; மலாய் முஸ்லீம்கள் தம் துஆவில் 'காமி' என்பர். இலக்கணப்படி அது சரியே. ஆயின், அந்த 'எங்கள்' என்னும் சொல்லுக்குள் யார் யார் அடங்குவர் என்பதை எந்த இலக்கணமும் கூறவில்லை. கூறாமையால் வந்த கேடுகள் பல.

இயேசுநாதர் தம் சீடர்க்குக் கற்பித்த பரமண்டல ஜெபத்தை எடுத்துக்கொள்வோம். அதனுள் வேண்டுவோன் தன்னைக் குறிக்க ஒருமைச் சொல் ஓரிடத்தும் வழங்கவில்லை. அறைக்குட் சென்று கதவையடைத்துத் தனித்து ஜெபிக்குமாறு சொன்னவரும் அவரே. அவ்வாறு தனித்திருந்து சொல்ல அவர் கொடுத்ததோ முழுதும் பன்மை. அதில் வேண்டப்படும் உணவும் அன்றைய பொழுதுக்கு உரியதே. பத்தாயத்தை நிரப்பித் தரும்படி கேட்கவில்லை. குர்ஆனின் முதல் அத்தியாயமாகிய பாத்திஹா, ஐவேளைத் தொழுகையில் ஒவ்வொரு ரக்அத்திலும் ஓதப்படுவது. ஒருவன் நள்ளிரவில் யாருமற்ற காட்டில் நின்று ஓதினாலும், அதில் நல்வழி வேண்டுவது பன்மையிலேதான். யூதர்கள் இன்னும் ஒருபடி மேற்சென்று, பத்துப் பேர் கூடினாலன்றிச் சில பிரார்த்தனைகளைச் சொல்வதில்லை. இறந்தாரை நினைந்து சொல்லும் 'கத்தீஷ்' அவற்றுள் ஒன்று. துயருற்றவன் தன் துயரைச் சொல்லுதற்கும் ஒன்பது பேரைத் தேடவேண்டும் என்று விதித்த பெரியோர் மனிதர் மனத்தை நன்கு அறிந்தவரே. சீக்கியர் தம் அர்தாஸை அனைவர் நலத்தையும் வேண்டி முடிக்கின்றனர். கேட்பவனும் இல்லை, கொடுப்பவனும் இல்லை என்னும் பௌத்தருங்கூட மைத்திரி பாவனையில் எல்லா உயிரையும் உளப்படுத்தியே நினைக்கின்றனர். ஒருவர் சொல்ல மற்றையோர் 'ஆமென்' என்றும் 'ஆமீன்' என்றும் கூறும் வழக்கம் யூதர், கிறிஸ்தவர், முஸ்லீம்கள் என்னும் மூவர்க்கும் பொது. அச்சொல்லைச் சொல்பவன் புதிதாய் ஒன்றும் கேட்பதில்லை. பிறன் கேட்டதில் தானும் பங்கு கொள்கிறான்.

ரிக் வேதத்துக் காயத்திரியும் பன்மையிலேயே அறிவின் தெளிவை நாடுகின்றது. அந்தப் பன்மைக்குள் பெண்டிர் இல்லை, நான்காம் வருணத்தார் இல்லை, வருணத்துக்குப் புறம்பென்று ஒதுக்கப்பட்டோர் இல்லவே இல்லை என்று நூற்றாண்டுக் கணக்கில் விதித்து வைத்தனர். சொல்லோ அனைவர்க்கும் பொது. அதன் பயனோ சிலர்க்கே உரிமை!

இதனைப் படிக்கும் கிறிஸ்தவ அன்பர்கள், இது நம்மவர் குற்றமன்று என்று எண்ணிவிட வேண்டா. திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளத்தில் 1872-ம் ஆண்டு எழுந்த மாதா கோயில் இருகாற் சட்டையை விரித்து வைத்தாற் போன்ற வடிவினது. இரண்டு நீண்ட மண்டபங்கள் பீடத்தருகே வந்து கூடும். உயர்சாதியாரென்று தம்மைச் சொல்லிக்கொண்டவர்க்கு ஒன்று, ஏனையோர்க்கு மற்றொன்று. நடுவே சுவர். குருவானவர் பீடத்தில் நின்று இலத்தீனிற் சொன்ன மன்றாட்டு இருபுறத்தார் காதிலும் ஒருங்கே விழுந்தது. இருபுறத்தாரும் ஒருவரை ஒருவர் காணாமல் ஆமென் என்றனர். 1910-ல் கௌசானல் பாதிரியார் அச்சுவரை இடித்தார். இடித்ததற்காக வழக்கு நீதிமன்றம் ஏறிற்று. கடவுளிடம் போகும் வழியிற் சுவர் வேண்டுமென்று கோர்ட்டில் வாதாடிய மக்கள் நாம்தாம். மதுரை மீனாட்சியம்மன் கோயிலினுள் ஒதுக்கப்பட்டோர் அடியெடுத்து வைக்க 1939-ம் ஆண்டு வரவேண்டியிருந்தது.

கடல் கடந்து வந்த இடத்திலேனும் இது தொலைந்ததோ எனின், அதுவும் இல்லை.

சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சனுக்குச் செல்லும் சாலையின் உட்புறத்தே, பால்மரங்களுக்கு நடுவில் இருந்தது நாம் பிறந்த தோட்டம். பெயர் வேண்டா. அங்கே லயங்கள் சாதி பார்த்துப் பிரிந்திருந்தன. மாரியம்மன் கோயிலின் முன் மண்டபத்தில், தூணுக்குத் தூண் ஒரு தேங்காய் நார்க்கயிறு கட்டியிருந்ததாம். 'ஆம்' என்று கேள்வியாகவே சொல்கின்றோம். நாம் நினைவறிந்த காலத்தில் அக்கயிறு இல்லை. ஆனால் நம் பாட்டியாரைப் பார்த்தால் கயிறு இருந்த இடம் இன்னதென்று யாரும் சொல்லிவிடலாம். ஆடித் திருவிழாவில் மற்றவர்கள் உள்ளே நெருக்கியடித்துக்கொண்டு நிற்க, அவர் இரண்டாம் தூணருகில் வந்ததும் நின்றுவிடுவார். "உள்ளே வா, ஆயா" என்று நாம் கையைப் பிடித்திழுத்தாலும் வரார். "இங்கேருந்தே தெரியுதுடா" என்பார். அங்கிருந்து ஒன்றும் தெரியாது. நாம் நின்று பார்த்திருக்கின்றோம்.

கோயிலில் அவ்வளவுதான் அவர் வழிபாடு. அவருடைய பிரார்த்தனை வேறிடத்தில் நடந்தது. லயத்தின் கடைசி வீட்டுக்குப் பின்னால், வாய்க்காலோரம், ஒரு கிழட்டுப் பால்மரத்தடியில் ஒரு கல் இருந்தது. நாள்தோறும் விளக்கு வைக்கும் நேரத்தில் அங்கே ஓர் அகலை ஏற்றி, குந்தியிருந்து, உதடு அசைய ஏதோ முணுமுணுப்பார். முடிவில் மட்டும் குரல் சற்று எழும்: "எல்லாரையும் பாத்துக்க." மழை நாட்களில் காய்ந்த மங்கொன்றை அகலின்மேற் கவிழ்த்துக் காப்பார்.

நம் பாட்டனார் 1943-ல் சயாமுக்குப் போனவர். ஜப்பானியர் ஆட்சியில் சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் நீளத்துக்கு இருப்புப்பாதை போட்டதும், மலாயாத் தோட்டங்களிலிருந்து 75,000 பேருக்கு மேல் அதற்குக் கொண்டு செல்லப்பட்டதும், அவருட் பெரும்பாலார் தமிழராயிருந்ததும், பதினாயிரக் கணக்கானோர் திரும்பாததும் வாசகர் அறிந்ததே. நம் தோட்டத்திலிருந்து மட்டும் பத்தொன்பது பேர். "மூணு மாச வேலை" என்று சொல்லித்தான் பெரட்டுக் களத்திற் பெயர் வாசித்தார்களாம். சிரம்பான் ஸ்டேஷனில் சரக்கு வண்டியில் ஏற்றினர். போரின் முடிவில் ஒருவர் திரும்பி வந்தார். ஏனைப் பதினெண்மரைப் பற்றிக் கடிதமும் இல்லை, சாம்பலும் இல்லை.

நாம் பதினேழு வயதில் கிடைத்த சீர்திருத்தப் பத்திரிகைகளை எல்லாம் படித்து, உலகம் முழுதும் விளங்கிவிட்டதென்று எண்ணியிருந்தோம். 1929-ம் ஆண்டின் இறுதியில் ஈ. வெ. ராமசாமிப் பெரியார் மலாயாவுக்கு வந்து மூட்டிய சுடரின் வெளிச்சம் நம் தலைமுறை வரைக்கும் மங்காதிருந்த காலம் அது. நேர்த்திக்கடன் என்று சொல்லி அலகு குத்துவோரையும் ஆடு வெட்டுவோரையும் கண்டு நாம் நகைப்பதுண்டு. வெள்ளைக்காரனிடம் முறிச்சீட்டுக் கூலியாய் வந்தவர்கள், அச்சீட்டு முறை 1910-ல் ஒழிந்த பின்னும் அம்மனோடு அதே சீட்டு எழுதிக்கொள்கிறார்கள் என்று மேடையிற் பேசிக் கைதட்டல் வாங்கியிருக்கின்றோம். பேசியதில் இன்றும் வெட்கமில்லை. பிள்ளையின் காய்ச்சல் தணிந்தால் கோழி, தணியாவிட்டால் இல்லை என்பது வியாபாரமேயன்றி வேறென்ன? வியாபாரத்துக்கு வந்தவனுக்கு 'எங்கள்' என்ற சொல் வேண்டுவதே இல்லை. 'என்' என்பதே போதும்.

அந்தத் துணிச்சலில் ஒருநாள் மாலை பாட்டியாரைக் கேட்டுவிட்டோம். "இத்தன வருசமாக் கும்புடுறியே ஆயா, தாத்தா வந்தாரா?"

அவர் கோபிக்கவில்லை. திரியைத் தூண்டிவிட்டுச் சொன்னார்: "வரச் சொல்லியாடா கும்புடறேன்? அவுங்க பேரெல்லாம் வேற யாரு வாயில வருது?"

அப்போதுதான் அருகில் உட்கார்ந்து கேட்டோம். அவர் முணுமுணுத்தவை பெயர்கள். கணவன் பெயரை நாவாற் சொல்லாத தலைமுறையைச் சேர்ந்தவர் அவர். ரேஷன் கார்டு எழுத வந்த கிராணியார் கேட்டபோதுகூட அடுத்த வீட்டுப் பெண்ணைக் கொண்டுதான் சொல்வித்தார். அந்த விளக்கின் முன் மட்டும் அப்பெயரை வாய்விட்டுச் சொன்னார். அதோடு நிற்கவில்லை. பதினெண்மர் பெயரையும் வரிசையாய்ச் சொன்னார். காலையிற் பெரட்டில் கிராணியார் பெயர் வாசிப்பார் அல்லவா, அதே வரிசையில், அதே தாளத்தில். அவர்களுட் பாதிப் பேர் கயிற்றுக்கு உட்புறத்துச் சாதியார். அவர்கள் வீட்டுத் திண்ணையில் பாட்டியார் உட்கார்ந்ததில்லை. அவர்கள் வீட்டார் நல்ல நாளில் தம் வீட்டானுக்கு மட்டும் படையலிட்டனர். 'எல்லாரையும்' என்று சொன்னவர் தூணுக்கு வெளியே நின்ற இவர் ஒருவரே.

திரும்பி வந்த அந்த ஒருவரைப் பற்றியும் சொல்லவேண்டும். அவர் கோயிற் காரியங்களை நடத்திய குடும்பத்தினர். ஆள் பாதியாய் வந்தார். பேச்சு அதனினும் குறைவு. காலரா கண்ட முகாமில் சாதி பார்த்துக் குழி தோண்ட ஆள் ஏது, எல்லாரும் ஒரே குழியில்தான் என்று ஒருமுறை சொன்னாராம். அடுத்த ஆண்டுத் திருவிழாவில் அவர் கயிற்றுக்கு உட்புறம் நிற்கவில்லை. பாட்டியார் முதலியோர் நின்ற வெளிப்புறத்தில் வந்து நின்றார். வீட்டார் அழைத்தும் போகவில்லை. அதற்குப் பின் சில ஆண்டுகளிற் கயிறு காணாமற் போயிற்று. அவிழ்த்தவர் அவரே என்பர் சிலர். அவிழ்த்ததைக் கண்டவர் யாரும் இல்லை.

பாட்டியாரின் விடை நமக்கு உடனே விளங்கிற்று என்று சொன்னால் அது பொய். அவர் 1974-ல் காலமானார். பின்னர்த் தோட்டம் வீட்டுமனையாக மாறிற்று, லயத்தை இடித்தனர், கல் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. ராசாவில் வந்து குடியிருந்தபோதே, அண்டையயலார் இறந்தவர்களை வைத்துக்கொள்ளும் முறையைக் கண்டு சிறிது சிறிதாய் விளங்கத் தொடங்கிற்று. இங்கே சீனர் கோயிலொன்று உண்டு. அதில் வழிபடப்படுபவர் வானத்திலிருந்து இறங்கியவரல்லர். சுங்கை ஊஜோங்கில் ஈயச் சுரங்கத் தொழிலாளர்க்குக் கப்பித்தானாயிருந்து 1860-ல் நடந்த கலகத்திற் கொல்லப்பட்ட செங் மிங் லீ என்னும் மனிதர். வெட்டுண்டபோது அவர் உடலிலிருந்து வெள்ளை இரத்தம் வழிந்தது என்பது கதை. (பால்மரத்தோடு வாழ்ந்த நமக்கு அக்கதை வியப்பாயில்லை.) அவர் கீழ்ப் பணிபுரிந்த யாப் ஆ லோய் பின்னர்க் கோலாலம்பூருக்குச் சென்று அங்கே 1864-ல் அவர்க்கு ஒரு கோயில் எடுத்தார். ஊர்விட்டு ஊர் வந்து உழைத்தோர், தம்முடன் வந்து மாண்டவனைத் தம் கூட்டத்தினின்று நீக்கிவிட மறுத்தனர், அவ்வளவே. கத்தோலிக்கர் நவம்பர் 2-ம் தேதி இறந்த ஆன்மாக்கள் அனைத்துக்கும் சேர்த்து மன்றாடுகின்றனர். நம் தமிழ் முஸ்லீம்கள் மறைந்தோர் பெயரால் பாத்திஹா ஓதிச் சோறிடுகின்றனர். நம்மவர்க்கோ திதி வேண்டும். இறந்த நாள் தெரியாதார்க்குச் சாத்திரம் மகாளய அமாவாசையை ஒதுக்கியுள்ளது. நாள் தெரியாமற் போன பதினெண்மரை அகல் விளக்கோ நாள்தோறும் நினைந்தது.

காந்தியடிகள் 1947-ல் டில்லியில் நடத்திய மாலைப் பிரார்த்தனைக் கூட்டங்களில் குர்ஆன் வசனம் ஓதலாகாதென்று சிலர் தடுத்தனர். அவ்வசனத்தை மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தைச் சொல்ல அவர் இசையவில்லை. பிரார்த்தனையையே அன்று நிறுத்திவிட்டார். வடலூரில் இராமலிங்க அடிகளார் சத்திய ஞான சபையை 1872-ல் திறப்பதற்கு ஐந்தாண்டு முன்னரே, 1867-ல், சாதி சமயம் பாராமற் சோறிடும் தருமசாலையைத் தொடங்கிவிட்டார். அடுப்பு முதலில், சபை பிறகு. குருத்துவாராவிலும் இதைக் காண்கின்றோம். உண்ணும்போது எல்லாரும் ஒரே வரிசையில் தரையில் உட்காரவேண்டும். கப்பலோட்டியும் காவற்காரனும் பக்கத்திற் பக்கம். பள்ளிவாசலில் முதலில் வந்தவன் முதல் வரிசை; பின்னர் வந்தவன் முதலாளியேயாயினும் பின் வரிசை. தோளோடு தோள் இடைவெளியின்றி நிற்கவேண்டும். இவையெல்லாம் குறைவற நடக்கின்றனவா என்று கேட்டால் அந்தந்தச் சமயத்தாரே தலை கவிழ்வர். நாமும் நம் தூணை நினைத்துத் தலை கவிழ்கின்றோம். எழுபது வயது கடந்த பின்னும் கோயிலுக்குப் போனால் நம் கால் தானே இரண்டாம் தூணருகில் நின்றுவிடுகிறது. யாரும் தடுப்பதில்லை. கால் கற்றது கால் மறப்பதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் சயாமுக்குப் போனோம். துணைக்கு வந்தவர் அண்டை வீட்டு ராவுத்தர். அவருடைய பாட்டனாரின் தம்பியும் அதே பாதைக்குப் போனவர். காஞ்சனபுரியில் நேசநாட்டுப் போர்க் கைதிகளின் இடுகாடு உண்டு. ஏறக்குறைய 7,000 கல்லறைகள், வெட்டிய புல், ஒவ்வொன்றிலும் தகடு. அதற்கு அணித்தே வாட் தாவோன் வராராம் என்னும் மகாயான பௌத்தக் கோயிலில், ஆசியத் தொழிலாளரின் எலும்புகளைச் சேர்த்து அடக்கிய சமாதி ஒன்று உண்டு. அங்கே யார் எவரென்று பெயர் கிடையாது.

அதன் முன் நின்றபோது கைகளை என்ன செய்வதென்று நமக்குத் தெரியவில்லை. ஐம்பது ஆண்டுகளாய்க் கூப்பாத கைகள். மந்திரமும் தெரியாது. பிக்கு ஒருவர் நம்மைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேளாமல் ஊதுபத்தி கொடுத்துச் சென்றார். ராவுத்தர் தொப்பியைச் சரி செய்துகொண்டு இரு உள்ளங்கைகளையும் மேல்நோக்கி விரித்தார். "நீங்க சொல்லுங்க அண்ணே, நான் ஆமீன் சொல்றேன்" என்றார்.

பாட்டியார் சொன்ன வரிசையில் சொல்லத் தொடங்கினோம். ஒவ்வொரு பெயருக்கும் அவர் ஆமீன் என்றார். பதினொன்று வரை வந்தது. அதற்கு மேல் ஞாபகம் வரவில்லை. மறுபடியும் முதலிலிருந்து சொன்னோம், பதினொன்றிலேயே நின்றது. சிறிது பொறுத்து ராவுத்தர் தம் பாட்டனாரின் தம்பி பெயரைச் சொன்னார். நாம் ஆமீன் என்றோம்.